டிஸ்ப்ளே காட்டுவது அலைவரிசை அல்ல

போன வாரம் அரக்கோணம் நண்பர் ஒருவரோடு எனக்கு வாய்த்தகராறு. சண்டை காசு பணத்துக்காக அல்ல. வெறும் 150 ஹெர்ட்ஸுக்காக. காலையில் 40 மீட்டரில் கூடும் நெட்டில் அவர் குரல் மட்டும் எப்போதும் ஜலதோஷம் பிடித்த வாத்து மாதிரி கேட்கும். "சார், உங்க செட் கொஞ்சம் தள்ளி நிக்குது, ஒரு தடவை அளந்து பாருங்க" என்றேன். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"என்ன சார் நீங்க, டிஸ்ப்ளேயில 7.100.00ன்னு பளிச்சுன்னு போட்டிருக்கு. பத்து ஹெர்ட்ஸ் வரைக்கும் காட்டுது. இதுக்கு மேல என்னத்த அளக்கறது?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு. அவர் படிப்பார் என்று தெரியும். படித்துவிட்டு மறுபடி சண்டைக்கு வந்தாலும் வரட்டும்.

ரேடியோ பக்கமே வராத நண்பர்களுக்காக ஒரு வரி. ஹாம் ரேடியோ என்பது அரசு உரிமம் வாங்கி வீட்டிலிருந்தே உலகத்தோடு பேசும் பொழுதுபோக்கு. புயல் வெள்ளம் வந்து செல்போன் கோபுரம் சாய்ந்துவிட்டால் மட்டும் இது பொழுதுபோக்கு அல்ல என்று எல்லோருக்கும் ஞாபகம் வரும். 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது போர்ட் பிளேரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு தற்செயலாக முகாமிட்டிருந்தது. தீவிலிருந்து மெயின்லேண்டுக்குச் செய்தி போக அவர்களுடைய செட்டுகள் எவ்வளவு உதவின என்பது ஊரறிந்த விஷயம்.

சரி, டிஸ்ப்ளேக்கு வருகிறேன்.

நான் ரயில்வேயில் சிக்னல் அண்டு டெலிகாம் பிரிவில் முப்பத்துநாலு வருஷம் குப்பை கொட்டியவன். ரயில்வே பொது விதிகளில் ஒரு விதி உண்டு. இந்திய நேரம் தினமும் 16 மணிக்கு முக்கியமான ஸ்டேஷன்களுக்கெல்லாம் சிக்னலாக அனுப்பப்பட வேண்டும். நாங்கள் 'நாலு மணி சிக்னல்' என்போம். கன்ட்ரோல் போனில் அது வரும்போது ஸ்டேஷன் மாஸ்டர் கையில் டீ கிளாஸ் இருந்தாலும் கீழே வைத்துவிட்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். தள்ளியிருந்தால் திருத்துவார். அந்தக் கடிகாரம் மட்டமான கடிகாரம் அல்ல. நல்ல கடிகாரம்தான். ஆனால் எவ்வளவு நல்ல கடிகாரமானாலும் தன்னைவிட நல்ல ஒன்றோடு தினமும் ஒப்பிட்டுப் பார்க்காவிட்டால் அது காட்டுவது நேரம் அல்ல, அதன் சொந்த அபிப்பிராயம்.

ரேடியோ செட்டும் அப்படியேதான். உள்ளே ஒரு குவார்ட்ஸ் கிரிஸ்டல் அதிர்கிறது. டிஸ்ப்ளேயில் தெரியும் எண் எல்லாம் அந்தக் கிரிஸ்டல் சரியாக அதிர்கிறது என்ற நம்பிக்கையில் போடப்படும் கணக்கு. எதையும் அளந்து காட்டவில்லை. கிரிஸ்டலுக்கு வயதாகும், வயதாக ஆக அதன் அதிர்வு மெல்ல நகரும். வெயிலுக்கு ஒரு மாதிரி, மார்கழிப் பனிக்கு ஒரு மாதிரி நகரும். திருத்தணியில் மே மாத மொட்டை மாடி அறை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். சாதாரண கிரிஸ்டலில் பத்து லட்சத்தில் 25 பங்கு பிழை என்பது சர்வ சாதாரணம். இதை ஆங்கிலத்தில் சுருக்கமாக 25 பிபிஎம் என்பார்கள். 7.1 மெகாஹெர்ட்ஸில் அது 177 ஹெர்ட்ஸ். டிஸ்ப்ளேயில் கடைசி இலக்கம் 10 ஹெர்ட்ஸ். பிழையோ 177 ஹெர்ட்ஸ். காய்கறிக் கடைக்காரர் எலக்ட்ரானிக் தராசில் ஒரு கிராம் வரை எண் காட்டுவார். தராசுக்கு முத்திரை போட்டார்களா என்று கேட்டால் முறைப்பார். நம் ஆட்களும் அதே முறைப்புத்தான் முறைக்கிறார்கள்.

"எதிர்ல இருக்கறவர் கிளாரிஃபையரைக் கொஞ்சம் திருப்பினா சரியாயிடும்ல?" இது அடுத்த வாதம். இரண்டு பேர் பேசினால் சரியாகிவிடும்தான். நெட்டில் பன்னிரண்டு பேர் இருந்தால்? கன்ட்ரோல் ஸ்டேஷன் ஒவ்வொரு குரலுக்கும் குமிழைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டுமா? நாதஸ்வரக்காரர் ஒருவர் சுருதி சேராமல் வாசித்துவிட்டு, ஒத்து ஊதுகிறவரைத் தன் சுருதிக்கு வரச் சொல்வதைப் போன்றது இது.

இதில் இன்னொருவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை என்றால், நானே ஒரு காலத்தில் இதே தப்பைச் செய்தவன். அதை இதுவரை எழுதியதில்லை.

2015 டிசம்பர் முதல் வாரம். சென்னை தண்ணீரில் மிதந்தது. திருத்தணியில் மழை இருந்தாலும் மின்சாரம் விட்டு விட்டு வந்தது. நான் பேட்டரியில் செட்டை ஓட்டிக்கொண்டிருந்தேன். முடிச்சூர் பக்கம் வயதான தம்பதி, மாடியில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், அந்த அம்மாவுக்கு இன்சுலின் தீர்ந்துவிட்டது என்று அவர்களுடைய உறவினர் இங்கே என் வீட்டுக்கு ஓடிவந்து சொன்னார். கதவு எண் 77. நான் 40 மீட்டரில் கூப்பிட்டுச் செய்தி கொடுத்தேன். மறுமுனையில் இருந்தவர் திரும்பத் திரும்பக் கேட்டார். "எழுபத்தேழு" என்று கத்தினேன். அவருக்கு "அறுபத்தேழு" என்று கேட்டிருக்கிறது. இரைச்சலில் முதல் இரண்டு எழுத்து போய்விட்டால் மீதியெல்லாம் ஒன்றுதானே. படகோடு போன பையன்கள் முதலில் 67-க்குப் போய்ப் பூட்டின வீட்டைத் தட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். சரியான வீட்டைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் கூடுதலாக ஆயிற்று. நல்லவேளை, இரண்டு பேரையும் பத்திரமாகக் கொண்டுவந்துவிட்டார்கள்.

அன்று ராத்திரி நான் மழையைத் திட்டினேன், அயனமண்டலத்தைத் திட்டினேன், மறுமுனைக்காரருடைய காதைக்கூடத் திட்டினேன். பத்து நாள் கழித்து ஏதோ தோன்றி என் செட்டை 10 மெகாஹெர்ட்ஸ் நேர சிக்னலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். 7.1-க்குக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 170 ஹெர்ட்ஸ் தள்ளி நின்றது. வாங்கி எட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அளந்து பார்க்கவில்லை. முப்பத்துநாலு வருஷம் தினமும் நாலு மணி சிக்னலைப் பார்த்தவன்! இரைச்சலே இல்லாத நாளில் 170 ஹெர்ட்ஸ் குரலை நகைச்சுவையாக்கும், அவ்வளவுதான். இரைச்சலோடு சேர்ந்தால் 77-ஐ 67 ஆக்கும். செட்டின் மேல் தப்பில்லை. அதைத் திருத்த உள்ளே வசதி இருந்தது. திருத்தாதவன் நான்.

ஆகவே அரக்கோணம் நண்பரே, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அளப்பது எப்படி என்று சொல்லாமல் திட்டுவது நியாயமல்ல. ஒரு பைசா செலவில்லாத முறை சொல்கிறேன். செட்டை ஒரு மணி நேரம் ஓடவிட்டுச் சூடாக்குங்கள். ராத்திரி ஏழு எட்டு மணிக்கு 10 மெகாஹெர்ட்ஸில் டிக் டிக் என்று நேர சிக்னல் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், ஒரு வி.எஃப்.ஓ.வை 9.999-ல் யு.எஸ்.பி.யில் வையுங்கள் (பென் டிரைவ் யு.எஸ்.பி. அல்ல, அப்பர் சைடு பேண்டு). இன்னொன்றை 10.001-ல் எல்.எஸ்.பி.யில் வையுங்கள். இரண்டிலும் 1000 ஹெர்ட்ஸ் விசில் கேட்க வேண்டும். ஏ, பி என்று மாற்றி மாற்றி அமுக்குங்கள். இரண்டு விசிலும் ஒரே சுருதியில் இருந்தால் உங்கள் செட் சரி. யு.எஸ்.பி. விசில் தாழ்ந்தும் எல்.எஸ்.பி. விசில் உயர்ந்தும் கேட்டால் உங்கள் செட் டிஸ்ப்ளேயைவிட மேலே நிற்கிறது. நேர்மாறாக இருந்தால் கீழே நிற்கிறது. காதுக்குச் சந்தேகமாக இருந்தால் பேரனுடைய செல்போனில் ஸ்பெக்ட்ரம் காட்டும் இலவச ஆப் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். ஒன்று 994, மற்றது 1006 என்று வந்தால் வித்தியாசம் 12, அதில் பாதி 6 ஹெர்ட்ஸ் பிழை. 10 மெகாஹெர்ட்ஸில் 6 ஹெர்ட்ஸ் என்றால் 0.6 பிபிஎம். செல்போனுடைய அளவில் சின்னப் பிழை இருந்தாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் கழித்துவிடும்போது போய்விடும். இதுதான் இந்த முறையின் அழகு. அப்புறம் செட்டின் மெனுவிலோ, உள்ளே இருக்கும் டிரிம்மரிலோ மெல்லத் திருத்த வேண்டியதுதான். ஹைதராபாத் அஷ்ஹர் பர்ஹான் வடிவமைத்த மைக்ரோ பிட்எக்ஸ் செட்டை வைத்துக்கொண்டு பழகும் பையன்கள் நம் பக்கம் நிறைய; அதிலும் இந்தத் திருத்தத்துக்கு மெனுவிலேயே இடம் உண்டு.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் ரகசியம். அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை பக்கத்து நண்பர்கள் பகலில் விசைத்தறி இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை என்று புலம்புவார்கள். கரண்ட் போகும்வரை காத்திருங்கள். கரண்ட் போன அந்த நிமிஷமே பேண்டு கண்ணாடி மாதிரி ஆகிவிடும். பேட்டரியில் செட்டைப் போட்டு அப்போது அளந்துகொள்ளுங்கள். நம் மின்வெட்டுக்கு இப்படி ஒரு பயன் உண்டு.

இப்போது என் உண்மையான கோபத்துக்கு வருகிறேன்.

அந்த 10 மெகாஹெர்ட்ஸ் டிக் டிக் எங்கிருந்து வருகிறது தெரியுமா? நம் பக்கம் பெரும்பாலும் காதில் விழுவது சீனாவின் பி.பி.எம். நிலையம். ஷான்ஸி மாகாணத்தில் புசெங் என்ற இடத்திலிருந்து, இங்கிருந்து ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் தள்ளி. ஒவ்வொரு மணிக்கும் 29-ஆம் நிமிடத்திலும் 59-ஆம் நிமிடத்திலும் மோர்ஸில் பெயர் சொல்லிவிட்டுச் சீன மொழியில் ஒரு பெண்குரல் பேசும். அதிர்ஷ்டம் இருந்தால் அமெரிக்காவின் ஹவாய் நிலையம் அடியில் கலந்து கேட்கும். 9.996-ல் மாஸ்கோவின் ஆர்.டபிள்யூ.எம். கேட்கும். சீனா உண்டு, ரஷ்யா உண்டு, அமெரிக்கா உண்டு. இந்தியா?

இந்தியாவுக்கும் இருந்தது. ஏ.டி.ஏ. என்று பெயர். டில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகம் நடத்திய நிலையம். கிரேட்டர் கைலாஷிலிருந்து 5, 10, 15 மெகாஹெர்ட்ஸில் நேரத்தையும் அலைவரிசையையும் ஒலிபரப்பியது. 1950களின் கடைசியில் ஆரம்பித்தது. நான் உரிமம் வாங்கிய புதிதில் என் செட்டுக்குச் சுருதி சேர்த்ததே அதை வைத்துத்தான். மோர்ஸில் ஏ.டி.ஏ. ஏ.டி.ஏ. என்று வரும்போது ஒரு பெருமிதமாக இருக்கும். பிறகு அது நிறுத்தப்பட்டுவிட்டது. ஒரு நாள் போட்டேன், இல்லை. செட்தான் கெட்டுவிட்டதோ என்று ஆண்டெனாவைக் கழற்றி மாட்டினேன்.

கேட்டால் எல்லோரும் ஒரே பதில் சொல்கிறார்கள். "அதான் ஜி.பி.எஸ். இருக்கே சார்."

இருக்கிறது. என்னிடமும் ஜி.பி.எஸ்.ஸோடு பூட்டிய 10 மெகாஹெர்ட்ஸ் பெட்டி ஒன்று இருக்கிறது. மகன் வாங்கிக் கொடுத்தான். ஒளிக்காமல் சொல்கிறேன், அருமையான சாமான். வான அலையில் வரும் சிக்னல் அயனமண்டலம் மேலும் கீழும் நகர்வதால் விடியலிலும் அந்தியிலும் ஒரு ஹெர்ட்ஸ் அளவுக்கு ஆடும். இந்தப் பெட்டி ஆடாது. ஆனால் அது சில ஆயிரம் ரூபாய். திருவாலங்காட்டிலிருந்து சைக்கிளில் என்னிடம் மோர்ஸ் கற்க வரும் பிளஸ் டூ பையன் பழைய ரிசீவர் ஒன்றையே தவணையில் வாங்கியிருக்கிறான். ஏ.டி.ஏ. இருந்திருந்தால் அவனுக்கு டில்லியின் அணுக் கடிகாரம் ஒரு துண்டுக் கம்பியில் இலவசமாக வந்திருக்கும். பொதுக் குழாய் என்பது வீட்டில் ஆர்.ஓ. வாங்க முடியாதவனுக்குத்தான் ஐயா.

அதுவும் போகட்டும். ஜி.பி.எஸ். யாருடையது? நம்முடையது என்று நாவிக் இருக்கிறதே என்பீர்கள். அந்தச் செயற்கைக்கோள்களில் முதலாவதான ஐ.ஆர்.என்.எஸ்.எஸ். 1ஏ-வில் இருந்த மூன்று ருபீடியம் கடிகாரங்களும் பழுதாகி அது படுத்துவிட்டது. அவை வெளிநாட்டிலிருந்து வாங்கியவை. நம் விஞ்ஞானிகள் சும்மா இருக்கவில்லை. 2023 மே 29-ல் ஏவிய என்.வி.எஸ். 01-ல் முதன்முதலாக நம் நாட்டிலேயே செய்த ருபீடியம் கடிகாரம் போயிற்று. கைதட்டத்தான் வேண்டும். 2025 ஜனவரியில் போன என்.வி.எஸ். 02 சரியான பாதைக்கு ஏற முடியாமல் நின்றுவிட்டது. நான் குறை சொல்லவில்லை, விண்வெளி வேலை அப்படித்தான். அப்படியிருக்க எல்லா முட்டையையும் வானத்தில் இருக்கும் ஒரே கூடையில் ஏன் வைக்க வேண்டும்? தரையில் ஒரு டிரான்ஸ்மிட்டர் நின்றால் ரிப்பேருக்கு ராக்கெட் வேண்டாம். ஸ்க்ரூ டிரைவரோடு ஒரு ஆள் போதும்.

அமெரிக்காக்காரர்களுக்கு ஜி.பி.எஸ். இல்லையா என்ன, அவர்களே செய்ததுதானே? ஆனாலும் 2018-ல் செலவைக் குறைக்க டபிள்யூ.டபிள்யூ.வி. நிலையத்தை மூடலாம் என்று பட்ஜெட்டில் ஒரு யோசனை வந்தபோது அந்த ஊர் ஹாம்கள் கூச்சல் போட்டார்கள், எழுதினார்கள், மனுக் கொடுத்தார்கள். நிலையம் தப்பித்தது. 2019 அக்டோபரில் அதற்கு நூறாவது வயது கொண்டாடினார்கள். நம் ஏ.டி.ஏ. போனபோது நாம் என்ன செய்தோம்? நானும் சேர்த்துத்தான் கேட்கிறேன். ஒரு தபால் கார்டு போட்டோமா? பி.பி.எம்.முக்கு டயலைத் திருப்பிக்கொண்டோம், அவ்வளவுதான்.

இந்த வெட்கம் சென்னைக்காரர்களுக்கு இன்னும் அதிகமாக இருக்க வேண்டும். இந்தியாவுக்கு நேரம் சொன்ன ஊர் அது. நுங்கம்பாக்கத்தில் 1792-லேயே வானியல் ஆய்வகம் கட்டி, நட்சத்திரம் பார்த்து நேரம் கணக்கிட்டார்கள். ரயில்கள் 'மெட்ராஸ் டைம்' வைத்துத்தான் ஓடின. 1906 ஜனவரியில் இந்திய நேரம் என்று இப்போதைய 82.5 டிகிரி கணக்கு வரும்வரை அதுதான் ரயில்வேயின் கடிகாரம். நட்சத்திரம் பார்த்து நாட்டுக்கே மணி சொன்ன ஊரின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான் சீனப் பெண்குரலுக்காகக் காத்திருக்கிறேன்.

புதிதாக நிலையம் கட்டப் பணம் இல்லை என்பார்கள். சரி, கட்ட வேண்டாம். ஆகாசவாணியின் சென்னை 'ஏ' அலைவரிசை 720 கிலோஹெர்ட்ஸில் நம் ஊரில் பகல் முழுக்க நன்றாகக் கேட்கிறது. அந்த டிரான்ஸ்மிட்டரின் கேரியரை ஒரு ருபீடியம் கடிகாரத்தோடு பூட்டி, 'இது சரியான 720' என்று அறிவித்துவிட்டால் போதும். பிரிட்டனில் பி.பி.சி. தன் டிராய்ட்விச் நிலையத்தின் 198 கிலோஹெர்ட்ஸ் நெடுஅலையை இப்படித்தான் வைத்திருந்தது. அந்த நாட்டு ஆய்வுக்கூடங்களும் ஹாம்களும் பல வருஷம் அதை வைத்தே அளந்தார்கள். பாட்டும் கேட்கலாம், அளக்கவும் அளக்கலாம். பகலில் தரை அலையாக வருவதால் அயனமண்டல ஆட்டமும் இருக்காது. 720 கிலோஹெர்ட்ஸில் ஒரு பிபிஎம் என்பது ஒரு ஹெர்ட்ஸுக்கும் குறைவு என்பதால் கொஞ்சம் பொறுமையாக அளக்க வேண்டும். ஓய்வு பெற்ற நமக்குப் பொறுமைக்கு என்ன குறைச்சல்?

திருத்தணிக்காரனுக்கு எல்லைக்கோடு எவ்வளவு முக்கியம் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ம.பொ.சி. காலத்தில் எத்தனை கூட்டம், எத்தனை கைது. படாஸ்கர் கிராமம் கிராமமாக எண்ணிப் பார்த்துச் சொன்ன பிறகுதான் 1960 ஏப்ரல் 1-ல் நாம் சித்தூர் மாவட்டத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தோம். எண்ணிப் பார்க்காமல் 'சுமாரா அங்கதான்' என்று விட்டிருந்தால் எங்கே இருந்திருப்போம்? பேண்டின் ஓரத்தில் நின்று பேசுகிற நண்பர்களும் 'சுமாரா அங்கதான்' என்றுதான் நிற்கிறார்கள். டிஸ்ப்ளேயில் உள்ளே, வானத்தில் வெளியே.

அரக்கோணம் நண்பர் நேற்று ராத்திரி போன் செய்தார். கோபம் தணிந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை செட்டைத் தூக்கிக்கொண்டு நாலு மணி வண்டியில் வருகிறேன் என்றார். வீட்டில் டிபன் உண்டு, ஆனால் வந்ததும் முதல் வேலை செட்டை ஆன் செய்து ஒரு மணி நேரம் சும்மா விடுவது, அதுவரைக்கும் டயலைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். திருவாலங்காட்டுப் பையனையும் வரச் சொல்லியிருக்கிறேன். வேறு யாருக்காவது அளக்க வேண்டுமென்றால் செட்டோடு வாருங்கள். பவர் சப்ளை மட்டும் உங்களுடையதைக் கொண்டுவந்துவிடுங்கள், என்னிடம் இருப்பது ஒன்றுதான்.